இரண்டு முறை நடந்து ஒரு முறையும் பதியாத கல்யாணம்

என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாராவது கேட்டால், கேட்பது யார் என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் பதில் சொல்வோம். சொந்தக்காரர்கள் கேட்டால், "ஆச்சு, ரெண்டு தடவ" என்போம். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்தவர் கேட்டால், "இல்லீங்க, இன்னும் ஒண்டிக்கட்டதான்" என்போம். இரண்டும் உண்மை. பொய் பேசாத குடும்பம் என்று அம்மாவுக்கு இதில் பெருமைகூட உண்டு.

இதை எழுத வேண்டியவள் நான்தான். எங்கள் வம்சத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு, அம்மா கைநாட்டு. அண்ணன் தன் பெயரை மட்டும் எழுதுவான், அதையும் அவசரப்படுத்தினால் பாதியில் நிறுத்திவிடுவான். நான் ஹட்டனில் எஸ்.எஸ்.சி. வரை படித்துவிட்டு இப்போது எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சிங்களத்தில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் கற்றேன், மீதியை ஹட்டன் பஸ்ஸில் கற்றேன். பஸ் கண்டக்டர்கள் நல்ல வாத்திமார். ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் பஸ்ஸே சிரிக்கும்படி திருத்துவார்கள். அதனால் அண்ணன் கல்யாணத்தில் இரண்டு பக்கத்துப் பேச்சும் என் வாய் வழியாகத்தான் போயிற்று. இரண்டு பக்கத்து ஏச்சும் அப்படித்தான் போயிற்று.

எங்கள் மலைக்குக் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு சிங்களக் கிராமம். தோட்டத்தில் அதை 'நாடு' என்போம். அங்கே இருப்பவர்கள் நாட்டாட்கள். நாங்கள் மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து இங்கேயே புதைந்தும், அவர்கள் இருப்பது நாடு, நாங்கள் இருப்பது லயம், தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. சட்டம் வந்து எங்களுக்கு நாடு இல்லை என்று சொல்வதற்கு வெகு முன்பே நாங்கள் அதை ஒப்புக்கொண்டு பேசிப் பழகியிருந்தோம். சட்டம் வந்தது இலங்கைக்குச் சுதந்திரம் வந்த சூட்டோடு. அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஓட்டுப் போட்டிருக்கிறார். அவர் போட்ட ஆள் ஜெயித்தார். ஜெயித்த கையோடு அப்பாவின் ஓட்டும் பிரஜாவுரிமையும் போய்விட்டன. இனிமேல் ஜெயிக்கிற ஆளுக்குப் போடக்கூடாது என்று அப்பா அதிலிருந்து கற்றுக்கொண்டார்.

கொழுந்து அதிகம் வரும் மாதங்களில், காய்ந்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்க நாட்டுப் பெண்களை ஸ்டோருக்குக் கூப்பிடுவார்கள். ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. அண்ணன் அங்கே ரோலர் மெஷினில் வேலை. குச்சி பொறுக்க வந்தவர்களில் ஒருத்திதான் அண்ணி. அண்ணனுடைய சிங்களம் எண்களோடும் சாப்பாட்டோடும் முடிந்துவிடும். அண்ணியின் தமிழ் முழுவதும் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் வைவதைக் கேட்டுப் பிடித்தது. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வருஷம் பேசியிருக்கிறார்கள். ஒருவர் எண்ணுவாராம், மற்றவர் வைவாராம்.

விஷயம் வெளியானது மாசி மாதம், காமன் கூத்தில். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் செய்துவைத்து, பிறகு சிவன் கோபத்தில் மன்மதனை எரிக்கும் கதையை வருஷந்தோறும் ஆடுவோம். அண்ணன்தான் மூன்று வருஷமாக ரதி. ரதி புருஷனைப் பறிகொடுத்து மண்ணில் விழுந்து அழும்போது தோட்டமே அழும். தோட்டத் தலைவர்தான் முதலில் துண்டை எடுத்துக் கண்ணில் வைப்பார். அந்த வருஷம் நாட்டிலிருந்து கூத்துப் பார்க்க வந்த ஒருத்தியும் தேம்பித் தேம்பி அழுதாள். மண்ணில் கிடந்த ரதி அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டது. தாலியறுத்த ரதி சிரித்தது எங்கள் தோட்டத்து வரலாற்றில் இல்லாதது. மறுநாள் கோயில் முன்னால் பஞ்சாயத்து.

"ஏன்டா தம்பி, நமக்குள்ள பொண்ணே இல்லியா?" என்றார் தலைவர். கூத்தில் அழுத கண் அவருக்கு இன்னும் வீங்கியிருந்தது.

"இருக்காங்க தலைவரே."

"பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்லீங்க. இந்தப் புள்ளயும் இருக்குது."

"நமக்குன்னு பொண்ணு குடுக்கல் வாங்கல்ல ஒரு மொற இருக்குல்ல? பக்கத்து லயத்துலயே எடுக்கமாட்டோம். நாட்டுல போயி எடுப்பமா?"

பக்கத்து லயத்துக்காரர்களும் இதைக் கேட்டு, சரிதான் என்று தலையாட்டினார்கள்.

இனம் மாறிக் கலந்தால் குலம் என்னவாகும் என்று தலைவர் நெடுநேரம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாக இரண்டு பேர் இருந்தார்கள். பழைய வெள்ளைக்காரத் தொரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாவில் விட்டுப்போன சாமான்கள் ஏலத்தில் போயின. லயத்தில் விட்டுப்போன இவர்களைப் பற்றி எந்தப் பஞ்சாயத்தும் இதுவரை கூடியதில்லை. அதற்குப் பேர் கலப்பு இல்லை. அதற்குப் பேரே இல்லை.

தீர்ப்பு இதுதான். அண்ணன் அந்தப் பெண்ணை விடும்வரை வண்ணார் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். நல்லது கெட்டது எதற்கும் வெள்ளைத் துணி விரிக்கமாட்டார்.

"என் வீட்டுத் துணிய நான்தான தொவைக்கிறேன்?" என்றாள் அம்மா.

"தண்டன்னா தண்டதான் ஆத்தா" என்றார் தலைவர்.

வண்ணாரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அவர் அம்மாவின் பக்கம் ஒதுங்கி, "எனக்கு உங்க மேல கோவமில்ல ஆத்தா. நான் கோவமா இருக்கேன்னு இப்பத்தான் எனக்கே சொன்னாங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வந்துவிட்டாள். கையில் கோரையில் பின்னிய ஒரு பன்பை. கூப்பிடாத வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அவர்கள் வளர்ப்பு. ஆகவே லயத்தில் எங்கள் காம்பரா அறைக்கு முன்னால், தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் நின்றாள். லயம் முழுவதும் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அம்மா வாசலில் நின்று அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நின்னுகிட்டே இருந்தா நாலு பேரு பாப்பாங்க. உள்ள வந்து தொல" என்றாள். அண்ணிக்கு 'தொல' மட்டும் நன்றாகத் தெரியும். ஸ்டோரில் வேலை வாங்கும் கண்டாக்கு தினமும் சொல்லும் சொல். அதைக் கேட்டதும் சொந்த இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு கானைத் தாண்டினாள். கோபம் வந்தால் அம்மாவுக்கு ரொட்டி சுடத்தான் வரும். அன்று ஐந்து பேர் வீட்டில் பத்துப் பேர் சாப்பிடும் ரொட்டி சுட்டாள்.

பத்து மணி வாக்கில் அண்ணியின் அப்பா வந்தார். வெள்ளைத் துணி, கறுப்புக் கோட்டு, பின்னால் சின்னக் கொண்டை, கையில் குடை. உள்ளே வரமாட்டேன் என்றார். எங்கள் அப்பா வெளியே போகமாட்டேன் என்றார். கடைசியில் கானின் இரண்டு கரையிலும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான் நின்றேன்.

"என் மகளை அனுப்பச் சொல்" என்றார் அவர் சிங்களத்தில். "எங்கள் குடும்பத்தில் தோட்டத்து ஆளுக்குப் பெண் கொடுத்ததில்லை."

சொன்னேன்.

"எங்க குடும்பத்துல நாட்டாள் வீட்டுல பொண்ணு எடுத்ததில்லன்னு சொல்லு" என்றார் அப்பா.

"நாங்கள் நிலம் உழுகிற சாதி. ஊரில் எங்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது."

"நாங்களும் வெள்ளாம செஞ்ச சாதிதான்னு சொல்லு. நமக்கு மட்டும் மரியாத இல்லியாமா?"

"எங்கே இவர்கள் நிலம்?"

அப்பா எழுந்து நின்று, மலைகளுக்கு அப்பால், கடலுக்கும் அப்பால், கையை நீட்டினார். "திருச்சிப் பக்கம்." அப்பா பிறந்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில். ரயிலில்கூட நாவலப்பிட்டியைத் தாண்டியதில்லை.

"அவரு நெலம் எங்கன்னு கேளு."

அவர் உட்கார்ந்தபடியே குடை முனையால் நாங்கள் இருக்கும் மலையைக் காட்டினார். "இதுதான். வெள்ளைக்காரன் எடுத்துத் தேயிலை நடும்வரை என் பாட்டன் காடு வெட்டி விதைத்த சேனை."

இரண்டு பெரிய நிலச்சுவான்தார்களும் கொஞ்ச நேரம் கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மறுபடி தொடங்கினார்கள். இவர்கள் சுத்தமில்லை என்றார் ஒருவர். அவங்க சுத்தமில்லை என்றார் மற்றவர். இவர்கள் கையில் தண்ணீர் குடிக்க முடியுமா என்றார் ஒருவர். அதையே மற்றவரும் கேட்டார். பாதி வழியில் நான் ஒன்று கவனித்தேன். ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே வேலையே இல்லை. எஸ்.எஸ்.சி. படித்த மொழிபெயர்ப்பாளரை வேலையிலிருந்து நிறுத்தும் அளவுக்கு இரண்டு இனத்துக்கும் இப்படி ஓர் ஒற்றுமை இருந்தது.

கடைசியில் அண்ணியின் அப்பாவுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஊரில் எங்கள் வண்ணான்கூட வெள்ளை விரிக்க வரமாட்டேன் என்கிறான். பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள்."

இதைத் தமிழில் சொன்னதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"அவருக்கும் நிறுத்திட்டாங்களாமா?"

"ஆமாம்பா."

"அடப் பாவமே" என்றார் அப்பா. உள்ளே திரும்பி, "ஏய், அவருக்கு ஒரு தேத்தண்ணி குடு" என்று சத்தம் போட்டார். அவரும் குடித்தார். எங்கள் கையால் தண்ணீர் குடிக்க முடியாது என்றுதான் சொல்லியிருந்தார், தேத்தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குடித்துவிட்டு நிபந்தனை சொன்னார். பதிவுக் கல்யாணம் நடக்க வேண்டும். கண்டிப் பக்கத்தில் பெண்ணுக்கு ரெஜிஸ்தர்தான் மானம். எழுதாமல் போனால் அவள் பெண்சாதி இல்லை, வைத்திருக்கும் பெண். எழுதும்வரை மகள் தன் வீட்டில்தான் இருப்பாள். அப்பாவும் வீம்பாக, "எழுதட்டும். என் மவன் என்ன திருட்டுத்தனமா கொண்டாந்தான்? சர்க்காரு முன்னாலயே எழுதுவோம்" என்றார். அண்ணி ரொட்டியைப் பையில் கட்டிக்கொண்டு தன் அப்பாவோடு இறங்கிப் போனாள். சர்க்கார் முன்னால் போக வேண்டியதுதான் பாக்கி.

முதலில் கிராமத்துப் பதிவுகாரரிடம் போனோம். அண்ணன், அண்ணி, இரண்டு அப்பாமார், நான். பதிவுகாரர் அண்ணனைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"நான் கண்டிச் சட்டப்படிதான் எழுதுவேன். மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு பேருமே கண்டிச் சிங்களவராக இருக்க வேண்டும்."

"நானும் இந்த மலையிலதான் பொறந்தேன்னு சொல்லு தங்கச்சி" என்றான் அண்ணன்.

சொன்னேன். "சிறுத்தையும் இந்த மலையில்தான் பிறக்கிறது. அதற்கு நான் கல்யாணம் எழுதுகிறேனா?" என்றார் அவர்.

அண்ணன் அர்த்தம் கேட்டான். "டவுனுக்குப் போகச் சொல்லுறாரு" என்றேன். மொழிபெயர்ப்பில் சில இடங்களைச் சுருக்குவது தவறில்லை.

டவுன் பதிவுகாரர் வேறு மாதிரி மனிதர். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசும் சிங்களப் பெரியவர். எல்லோரையும் வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார். தோட்டத்து ஆளை உட்காரச் சொன்ன கச்சேரிக்காரரை அப்பா அன்றுதான் பார்த்தார். ஆகவே உட்காராமல் நின்றார். இங்கே பொதுச் சட்டம், யாரும் யாரையும் கட்டலாம், அறிவித்தல் ஒட்டுவோம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லட்டும் என்றார் பெரியவர். ஆட்சேபணை என்றால் இரண்டு ஊரும் வரிசையில் நிற்குமே என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் தன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மகளே, நீ படித்த பிள்ளை மாதிரி தெரிகிறாய். எழுதுவதற்கு முன் ஒன்று சொல்கிறேன், கேட்டுச் சொல்."

படித்த பிள்ளை என்று கண்டுபிடித்தது எனக்குப் பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முறையாகக் கல்யாணம் எழுதினால், பிறக்கும் பிள்ளை சட்டத்தில் அப்பனைச் சேரும். அப்பனுக்குப் பிரஜாவுரிமை இல்லை. ஆகவே பிள்ளைக்கும் இல்லை. கல்யாணம் இல்லாமல் பிறந்தால் பிள்ளை தாயைச் சேரும். தாய் இந்த நாட்டுப் பிரஜை. பிள்ளையும் பிரஜை."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். என் சிங்களத்தில் குறை இருந்து அல்ல. அவர் அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"அப்படியானால் ஒழுங்காகக் கல்யாணம் செய்தால் தண்டனை என்கிறீர்களா?"

"தண்டனை என்று நான் சொல்லவில்லை மகளே. சட்டம் என்றேன்."

"அண்ணனுக்கு வழியே இல்லையா?"

"உண்டு. பெண்சாதி பிரஜை என்று காட்டி விண்ணப்பம் போடலாம். அதற்கும் ரெஜிஸ்தர் வேண்டும். கொடுப்பதும் விடுவதும் மேலிடத்து இஷ்டம்."

"யாருக்காவது கொடுத்திருக்கிறார்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பார்த்ததில்லை" என்றார்.

நாளை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் காக்காவின் கடையில் ஆளுக்கொரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணிக்கும் அவள் அப்பாவுக்கும் நேரடியாகவே விளங்கியிருந்தது. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நான் சொன்னேன். தமிழில் சொல்லும்போது இன்னும் மோசமாக இருந்தது.

"அதாவது, தாலி கட்டி எழுதினா புள்ளைக்கு நாடு இல்ல. கெட்டுப்போயி பெத்தா நாடு உண்டு" என்றார் அப்பா. "இத எழுதுன மவராசனுக்குக் கல்யாணம் ஆயிருக்குமா?"

அண்ணன் பிளேன்டீயைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "எழுதுனா எனக்குக் கேக்க ஒரு வழி இருக்குன்னாருல்ல?" என்றான். பிறகு அவனே, "வேணாம். இவங்க எனக்கு எப்பக் குடுத்து நான் எப்ப வாங்குறது? புள்ளைக்கு இருக்கட்டும்" என்றான். அப்போது பிள்ளை இல்லை, கல்யாணமே இல்லை. இல்லாத பிள்ளைக்காகத் தனக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு, பிளேன்டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

அண்ணி என் கையைப் பிடித்தாள். "நங்கி, எழுதுறது வேணாம்" என்றாள், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, மீதியைத் தமிழில், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று.

அவள் அப்பா மேசையில் குத்தினார். "அப்படியானால் ஊரில் உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரியுமா?"

"தெரியும் அப்பா. கூப்பிடுகிறவர்கள் என் பிள்ளைக்கு நாடு தருவார்களா?"

அவர் குத்திய கையை மேசையிலிருந்து எடுத்தார். பிறகு எங்கள் அப்பாவைச் சுட்டிக்காட்டி என்னிடம் சொன்னார். "என் பேரன் இந்த ஆட்களைப் போல நாடில்லாதவனாக இருப்பதா? முடியாது. எழுத வேண்டாம்."

இதைச் சுருக்காமல் அப்படியே சொன்னேன். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்றாரு" என்றார்.

சாதியிலும் சுத்தத்திலும் தண்ணீரிலும் ஒத்துப்போகாத இரண்டு அப்பாமாரும் அரசாங்கத்தை ஏமாற்றுவதில் ஒரே நிமிஷத்தில் சம்பந்திகள் ஆனார்கள். எழுதாத கல்யாணம் என்றால் ஊர் பார்க்க நடக்க வேண்டும், பிறகு யாரும் குறை சொல்ல வாய் திறக்கக் கூடாது என்று முடிவானது. ஆனால் எங்கள் பஞ்சாங்கம் நல்ல நேரம் என்று சொன்னதை அவர்களுடைய பஞ்சாங்கமான லித ராகு காலம் என்றது. அவர்களுடைய சுப நேரம் எங்கள் பஞ்சாங்கத்தில் எமகண்டம். வானத்தில் ஒரே சூரியன்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை அங்கே யாரும் கேட்கத் தயாராக இல்லை. ஆகவே இரண்டு கல்யாணம் வைத்தார்கள். காலையில் நாட்டில், மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தில்.

வெள்ளை விரிக்க ஆள் இல்லாத பிரச்சினையையும் சம்பந்திகள்தான் தீர்த்தார்கள். எங்கள் வண்ணார் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் தலைவர் தடுத்திருந்தார். நாட்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லவில்லை. அங்கேயும் அப்படித்தான். ஆகவே எங்கள் வண்ணார் ஆற்றைத் தாண்டிப்போய் அவர்கள் போருவ மணமேடைக்கு வெள்ளை விரித்தார். அவர்கள் வண்ணார் மலையேறி வந்து எங்கள் கோயிலில் விரித்தார். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் தங்கள் தடை மீறப்படவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள நேரில் வந்தார்கள். வந்ததால் சாப்பிட்டார்கள்.

நாட்டில் அண்ணனையும் அண்ணியையும் மேடையில் ஏற்றி, சுண்டுவிரல்களை நூலால் கட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். தோட்டத்தில் அண்ணன் தாலி கட்டினான். ரதியாக மூன்று வருஷம் தாலியறுத்தவனுக்கு முடிச்சுப் போட அவ்வளவாக வரவில்லை. மூன்றாவது முடிச்சை நான் போட்டேன். தலைவர் துண்டை எடுத்துக் கண்ணில் வைத்தார். பழக்கம்.

தொரை மட்டும் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. கொழுந்து பறிக்க இன்னும் இரண்டு கை வந்தது என்று மறுவாரமே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அண்ணியைப் பேர் கூப்பிட்டார்கள். தோட்டத்துக்குத் தாலியும் வேண்டியதில்லை, ரெஜிஸ்தரும் வேண்டியதில்லை.

பிள்ளை பிறந்தது அடுத்த மழைக்காலத்தில், டவுன் ஆஸ்பத்திரியில். ஆண். பிறப்பைப் பதியும் நாள் அம்மா, அண்ணன், நான் எல்லோரும் போனோம். உள்ளே போவதற்கு முன் அண்ணி தாலியைக் கழற்றவில்லை. மடித்துச் சட்டைக்குள் விட்டு, மேலே ஊசி குத்திக்கொண்டாள். அண்ணனை வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். அவன் கையில் குடை, சுடுதண்ணீர்ப் போத்தல், துணி மூட்டை எல்லாம் இருந்தன. உள்ளே அவளும் நானும் போனோம்.

எழுதுகிறவர் தலையைத் தூக்கவில்லை. "தாய் தகப்பனுக்குக் கல்யாணம்?"

"இல்லை" என்றாள் அண்ணி.

இப்போது தலையைத் தூக்கினார். "தகப்பன் பேர்?"

"சொல்வதற்கு இல்லை."

"வெளியே நிற்கிறவன் யார்?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மழையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோட்டத்து ஆள்" என்றாள். "சாமான் தூக்க வந்தவர்."

அவர் பேனாவை வைத்துவிட்டு ஒரு பிரசங்கம் செய்தார். நல்ல கிராமத்துப் பெண்கள் தோட்டப் பக்கம் போனால் இப்படித்தான் முடியும் என்றார். பெற்றவர்களைச் சொல்ல வேண்டும் என்றார். நம் இனத்துக்கு மானம் இல்லாமல் போகிறது என்றார். அண்ணி அதற்கெல்லாம் தேவையான அளவுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சட்டைக்குள் தாலியை ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்கு அவருக்குச் சொல்ல இரண்டு மொழியில் பதில் இருந்தது. தமிழில் இருந்தது இன்னும் நல்ல பதில். இரண்டையும் விழுங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் அன்று செய்ய முடிந்த பெரிய உதவி, படிக்காதவள் மாதிரி நிற்பது.

பிரசங்கம் முடிந்தது. எழுதினார். தகப்பன் பேருக்கு ஒரு கோடு. தாய் இலங்கைப் பிரஜை. முத்திரை குத்தினார். நான் தலைகீழாகவே வாசித்துப் பார்த்துவிட்டு அண்ணிக்குக் கண் காட்டினேன்.

வெளியே அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்கம்மா."

"என்னான்னு?"

"அப்பன் இல்லாத புள்ளன்னு."

"அப்பாடா" என்றாள் அம்மா. உடனே என்ன சொன்னோம் என்று விளங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுதுகொண்டே அரசாங்கத்தை வைதாள், தன் மகனை வைதாள், சம்பந்தியை வைதாள், கடைசியில் நான் ஒன்றும் பேசாமல் நின்றதற்காக என்னை வைதாள். "ரெண்டு ரொட்டி கூடுதலா சுட்டுக் கொண்டாந்திருக்கணும்" என்றாள் எதற்கோ.

அண்ணன் கிட்ட வரவில்லை. வாசலில் அந்த எழுதுகிறவர் வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே அவன் சாமான் தூக்குகிறவன் நிற்கும் தூரத்திலேயே நின்றான். பிள்ளையை அன்று அவன் இன்னும் தொடவே இல்லை. மழை வலுத்தது.

அண்ணி ஊசியைக் கழற்றாமல், தாலியை வெளியே எடுக்காமல், அம்மாவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் போனாள். எங்கள் ஸ்டோரில் கற்ற தமிழில், வாசல்வரை கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"ஓய், சாமான் தூக்குற ஆளே! என்னா மூஞ்சியப் பாக்குற? இதையும் தூக்கு!"

அண்ணன் மூட்டையைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். வாசலில் நின்றவருக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. எங்கள் வம்சத்தில் நாடு உள்ள முதல் ஆள் கண்ணைத் திறக்காமல் கொட்டாவி விட்டது. குடையை அண்ணி பிடித்தாள். பஸ்வரைக்கும் அதைப் பிள்ளை பக்கமாகவே சாய்த்துப் பிடித்ததால், அண்ணன் மட்டும் நனைந்துகொண்டு போனான்.